கூரையில் நட்சத்திரம் தெரிய வேண்டும்

சரக். நின்றது. மறுபடியும் சரக். ஈரப் புடவையை யாரோ அவசரமே இல்லாமல் கிழிப்பது மாதிரி முற்றத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம். ஜெசிந்தா எண்ணிக்கொண்டிருந்தது முப்பத்தேழில் அறுந்துபோயிற்று. முப்பத்தேழா, முப்பத்தெட்டா? தூளிக்குள் ஜோஸ்லின் விடும் மூச்சுதான் அந்தக் கணக்கு. கைக்குழந்தை நிமிஷத்துக்கு முப்பது நாற்பது வரைக்கும் மூச்சு விடலாம் என்று தடுப்பூசி போட்ட நர்ஸ் ஒருதரம் சொன்னாள், அதைப் பிடித்துக்கொண்டு ஏழு மாதமாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்குச் சளி வேறு. மூக்கில் ஒரு சின்ன விசில், பொம்மைக்குள் வைத்துத் தைத்த பீப்பி மாதிரி. விசில் கேட்டால் நல்லது, கேட்காவிட்டால் எழுந்து விரலை மூக்கருகே கொண்டுபோக வேண்டும். மணி ஒன்பதுகூட ஆகவில்லை. ஆனால் இந்த மலையில் ஆறு மணிக்கே மேகம் இறங்கி வீட்டு வாசலில் படுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு எல்லா மணியும் ஒரே மணிதான். கரண்ட் போய் இரண்டு மணி நேரம். எமர்ஜென்சி லைட் மஞ்சளாகி மங்கிக்கொண்டே வந்தது. கரண்ட் போவதற்கு முன்னால் புருஷன் அருளப்பன் போன் செய்தான். "இந்தா ஜெசி, ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு, மண்ணும் சரிஞ்சிருக்கு. காலையிலதான் வண்டி விடுவாங்களாம். நான் வத்தலக்குண்டுலயே ஜீப்புல படுத்துக்கிறேன். நீ தாப்பாளப் போட்டுட்டுப் படு, என்ன?" போடமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். "சரி, சும்மா சாத்தியாவது வையி," என்றான், தோற்றவன் குரலில். சரக். இந்தத் தடவை கூடவே ஏதோ முறிகிற சத்தம்.

கதவைப் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது. கீழே குளிர் வராமலிருக்க மடித்துப் போட்ட சாக்கு. மேலே அந்தத் தாழ்ப்பாள், பித்தளையில், புத்தம் புதிதாக, கடையில் ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர்கூடக் கிழியாமல். இரண்டு வருஷமாகப் புதிதாகவே இருக்கிறது. பழையது இரும்பு. அது இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டையை அருளப்பன் மக்கு வைத்து அடைத்திருந்தான், அதன்மேல் பெயின்ட் அடித்தும் நாலும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியும். அந்த ராத்திரியும் இதே ஐப்பசி மழைதான். மூத்தவன் இன்னாசி பிறந்து நாற்பத்தோரு நாள். பால் கொடுக்க எழுந்தவள் கை வைத்துப் பார்த்தாள், பிள்ளையின் நெற்றி, பாத்திரம் கழுவி வைத்த மேடை மாதிரி சில்லிட்டிருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினாள், கதவு வரைக்கும். மழையில் மரம் ஊதி, தாழ்ப்பாள் குழிக்குள் இறுகிக் கிடந்தது. இழுத்தாள், ஒரு கையால், பிள்ளை இன்னொரு கையில். பிள்ளையைக் கீழே கிடத்திவிட்டு இரண்டு கையாலும் இழுத்தாள். கிடத்தினாள், வெறும் சிமென்ட் தரையில் கிடத்தினாள். நகம் பிய்ந்தது. எவ்வளவு நேரம்? இரண்டு நிமிஷமா, பத்தா? அதைத்தான் அவள் இன்னும் அளந்துகொண்டிருக்கிறாள். "தூக்கத்துலயே போயிருக்கும்மா, நீ எந்திரிக்கிறதுக்கு ரொம்ப நேரம் முன்னாடியே," என்றார் டாக்டர். "உன் கதவு ஒண்ணும் பண்ணல." டாக்டருக்கு என்ன தெரியும், அவர் அந்தக் கதவை இழுத்தவரா? அடுத்த வாரமே அருளப்பன் கதவை இழைத்து, இதை வாங்கிப் பொருத்தி, தேங்காய் எண்ணெய் விட்டு, "பாரு, ஒத்த வெரல்ல தள்ளலாம்," என்று காட்டினான். அவள் தொடவில்லை. ராத்திரி எந்த நேரத்திலும் ஓட வேண்டியிருக்கும். ஓடுகிற வழியில் ஒன்றும் இருக்கக் கூடாது. மேல்வீட்டுச் சூசையம்மாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னாள், "கைப்புள்ளைய வச்சுக்கிட்டு கதவத் தொறந்து போட்டுட்டுப் படுக்கிறவள நான் இங்கதான்டி பார்க்கிறேன். சிறுத்த வந்து சலாம் போட்டுட்டுப் போகும்." சிரித்தார்கள். சிறுத்தையும் வரலாம், டூரிஸ்ட் பையன்கள் குடித்துவிட்டுத் தள்ளாடி வரலாம், எதுவும் வரலாம், அது தெரிந்துதான் அவள் தூங்குவதில்லை. தாழ்ப்பாள் போட்டால் உள்ளே இருக்கிற பயம். போடாவிட்டால் வெளியே இருக்கிற பயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் அவள்.

முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. சரக். முற்றத்தில்தானே அந்தக் குடில் இருக்கிறது. குடிலுக்குள்தானே நோகா படுத்திருக்கிறாள், மகளோடு. முற்றத்துக்கு அந்தப் பக்கத்து அறையை இரண்டு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிற இஸ்ரேல்காரி நோகா. இவள் வயதுதான், இருபத்தாறு. நாலு வயசு தாமார். புருஷன் அடுத்த வாரம்தான் வருகிறான். இங்கே வருகிற வெள்ளைக்காரர்களில் பாதிப் பேர் அந்த ஊர்தான், டீக்கடைப் பலகையில்கூட அவர்கள் எழுத்து. ஆனால் யாரும் முற்றத்தில் குடிசை கட்டியதில்லை. போன வாரம் நோகா வந்து அருளப்பனிடம் மூங்கில் கேட்டாள், பேரிக்காய்க் கிளை கேட்டாள், பழைய பெட்ஷீட் நாலு கேட்டாள். பெட்ஷீட்தான் சுவர். கூரைக்குக் கிளையைச் சும்மா பரப்பினார்கள், கட்டக்கூட இல்லை. தாமார் சந்தையில் வாங்கிய கேரட்டையும் பீன்ஸையும் நூலில் கோத்து உள்ளே தோரணமாகத் தொங்கவிட்டது. "கிறிஸ்மஸுக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கே, இப்பவே குடிலா?" என்றான் அருளப்பன். அவர்கள் ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த ஒரு பழத்தைப் பார்த்துவிட்டு வந்து, "நார்த்தங்காய்க்கு மெத்த போட்டுப் படுக்க வச்சிருக்கு ஜெசி, நமக்கு இந்த யோகம் இல்ல பாரு," என்று சிரித்தான். ஏழு நாள் குடிலுக்குள்தான் சாப்பாடு, முடிந்தால் தூக்கமும். முதல் நாள் சாயங்காலமே தூறல். சின்னப்பிள்ளையோடு நனைவாளே என்று ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை. ஜீப்புக்குப் போடுகிற நீலத் தார்ப்பாயை எடுத்து, ஸ்டூல் போட்டு ஏறி, கூரைமேல் விரித்து, நாலு மூலையிலும் கயிறு கட்டி இறுக்கினாள். கான்வென்ட் சிஸ்டர்கள் இருந்திருந்தால் மெச்சியிருப்பார்கள். நோகா கடைக்குப் போயிருந்தவள் திரும்பி வந்து அப்படியே நின்றாள். வாயில் கை வைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

"ஜெசி, நீ இதை வீடாக்கிட்டே," என்றாள். இருவருக்கும் இங்கிலீஷ்தான் பாஷை, அவளுடையது கரடுமுரடு, இவளுடையது கான்வென்ட். "கூரை வழியா நட்சத்திரம் தெரியணும். தெரியலேன்னா பண்டிகை கிடையாது." தார்ப்பாயைச் சேர்ந்தே அவிழ்த்தார்கள். ஜெசிந்தாவுக்கு வெட்கம், கோபம்கூட. நல்ல சிமென்ட் அறை இருக்கும்போது ஓட்டைக்கு அடியில் பிள்ளையைப் படுக்கப்போடுவது ஒரு சாமி கும்பிடலா? கேட்டேவிட்டாள். அவர்கள் முன்னோர் நாற்பது வருஷம் பாலைவனத்தில் அலைந்த கதை இவளுக்கும் தெரியும், சர்ச்சில் கேட்டிசம் வகுப்பில் படம் ஒட்டியிருக்கிறாள். "அதுக்காகத்தான்னு சின்ன வயசுல சொன்னாங்க," என்றாள் நோகா, முடிச்சை அவிழ்த்துக்கொண்டே. "ஆனா நாள் பார்த்தியா? அறுவடை முடிஞ்சு, வீடு நிறைஞ்சு இருக்கிற நேரம். அப்பப் பார்த்து வெளியே வரச் சொல்றாங்க. சுவர்தான் நம்மளக் காப்பாத்துதுன்னு ஒரு நினைப்பு இருக்கு இல்ல, அதை ஏழு நாள் கழட்டி வைக்கிறது." "கழட்டி வச்சா பயம்ல வரும்." "வரும். ஆனா இந்தப் பண்டிகைக்கு நாங்க வச்ச பேரு என்ன தெரியுமா? எங்கள் சந்தோஷத்தின் காலம். வேற எந்தப் பண்டிகைக்கும் அந்தப் பேரு இல்ல. பயத்துல உட்காருன்னு சொல்லல, சந்தோஷமா உட்காருன்னு கட்டளை. எப்படின்னு நானும் வருஷா வருஷம் கேட்டுட்டுத்தான் இருக்கேன்." அப்புறம் தார்ப்பாயை மடித்தபடி, சாதாரணமாகச் சொன்னாள். அவள் வீட்டில் ஒரு அறை இருக்கிறதாம், கான்கிரீட், இரும்புக் கதவு. குண்டு விழப்போகிறது என்று சைரன் ஊதினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதற்குள் ஓட வேண்டும். தாமார் ஒரு வருஷம் அதற்குள்தான் தூங்கினாளாம். "அந்த மாதிரி ஒரு கதவே இல்லாத அம்மாக்களும் இருக்காங்க, எங்களுக்கு ரொம்பப் பக்கத்துலயே. அதை நினைக்காம நான் ஒரு ராத்திரியும் அந்தக் கதவை மூடினதில்ல," என்றாள். "மூடினப்புறமும் தூக்கம் வராது. கையால அவ மூக்குகிட்ட..." விரலைக் காட்டினாள். அதே விரல், அதே தூரம். இன்னாசியைப் பற்றி ஜெசிந்தா இதுவரை அவளிடம் சொன்னதில்லை.

சொல்லியிருக்கலாம். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, விசில் எங்கே, விசில், ஆ, இருக்கிறது. கான்வென்ட் ஹாஸ்டலில் இரண்டு கையையும் மார்பின்மேல் சிலுவையாக மடித்து, கம்பளிக்கு வெளியே வைத்துத்தான் தூங்க வேண்டும். ராத்திரியில் ஆண்டவரின் அழைப்பு வந்தால் தயாராக இருக்க வேண்டும் என்பார் சிஸ்டர் பெனடிக்டா. டார்ச்சோடு நடந்து கட்டில் கட்டிலாக எண்ணிக்கொண்டு போவார். ஒன்பது வயது ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பாள், தயார் என்றால் என்ன, தயாராக இருந்தால் அழைக்கமாட்டார்களா, இல்லை தயாராக இருப்பவர்களைத்தான் முதலில் அழைப்பார்களா? இன்னாசி அப்படித்தான் கிடந்தான், கைகள் மார்புமேல், யாரும் சொல்லிக்கொடுக்காமல். வேண்டாம். அங்கே போகாதே. முப்பது. மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்றும் அன்றைக்கு நோகாவிடம் கேட்டிருந்தாள். "சூப்பு கெட்டுப்போற அளவுக்குப் பெய்தா உள்ளே போயிடணும்." "போகலாமா?" "போகணும். அதுக்கு மேலயும் நனைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா அது பக்தியில்ல, மடத்தனம்னு எங்க பெரியவங்க வச்சிருக்காங்க. வேதனைப்படுறவங்களுக்கு அந்தக் கடமையே கிடையாது, ஜெசி. விட்டாச்சு அவங்கள." விட்டாச்சு அவங்கள. அந்த ஒரு வாக்கியம் இரண்டு நாளாக, வேட்டியில் ஒட்டிய நாயுருவி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. யார் விட்டது? யாரிடம் போய் விடச்சொல்லிக் கேட்பது? குடிலுக்குள் ஒரு நாற்காலி காலியாகப் போட்டிருந்தார்கள். தினமும் ஒரு கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி வருவாராம். நேற்று சாயங்காலம் பெட்ஷீட் இடுக்கில் அந்த நாற்காலியைப் பார்த்தவள் வெகுநேரம் நின்றாள். சின்ன நாற்காலி, தாமாருடையது. அதில் உட்காருகிற உயரத்துக்கு இந்நேரம் இன்னாசி வளர்ந்திருப்பான்.

மடார். மூங்கில் முறிந்தது. அதோடு ஒரு பெருமூச்சு, மனுஷ மூச்சில்லை, துருத்தியிலிருந்து வருகிற மாதிரி, ஈரமாக, கனமாக. அவளுக்குத் தெரிந்துவிட்டது. காட்டுமாடு. கிளையைத் தின்கிறது. கேரட்டைத் தேடுகிறது. கூரையையே தின்கிறது. போன மாதம்தான் டீக்கடை வாசலில் ஒரு ஆளைக் குத்தித் தூக்கிப் போட்டது, ஆள் இன்னும் மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். ஓட்டைக் கூரைக்கும் பிள்ளைக்கும் நடுவில் இப்போது என்ன இருக்கிறது? ஒரு பேரிக்காய்க் கிளை. அதையும் அது தின்றுகொண்டிருக்கிறது. எழுந்தாள். உட்கார்ந்தாள். குடில் வரை பன்னிரண்டு எட்டு, பகலில் துணி காயப்போடப் போகும்போது எண்ணியிருக்கிறாள், எதைத்தான் எண்ணவில்லை. பன்னிரண்டு போக, பன்னிரண்டு வர. அவ்வளவு நேரம் விசிலை யார் கேட்பது? ஏழு மாதத்தில் ராத்திரியில் ஒருதரம்கூடக் காதுக்கு எட்டாத தூரம் போனதில்லை. பாத்ரூமுக்குப் போனாலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. சளி வேறு. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போகலாமா? காட்டுமாட்டின் முன்னாலா? தூக்கினால் அழும், அழுதால் அது மிரளும். இங்கேயிருந்து கூப்பிடலாமா? சத்தம் கேட்டாலும் மிரளும். நோகாவுக்கு இது என்ன மிருகம் என்றாவது தெரியுமா, எழுந்து டார்ச் அடித்துவிட்டால்? தாமார் ஓடினால்? நீ போனால் அந்த நேரம் பார்த்துத்தான் இங்கே மூச்சு நிற்கும். அப்படித்தான் நடக்கும், நீ திரும்பி வருவாய், நெற்றி மேடை மாதிரி இருக்கும். போகாவிட்டால்? போகாவிட்டால் அங்கே ஒருத்தி இரண்டு கையாலும் எதையோ இழுத்துக்கொண்டிருப்பாள், பிள்ளையைத் தரையில் கிடத்திவிட்டு, எதையோ, வராத எதையோ, நகம் பிய்ந்து. முப்பத்தி... எத்தனை? எண் போய்விட்டது. எழுந்து நின்றாள், தன் கால்கள் நடக்கின்றன என்பதே அவளுக்கு இரண்டாவது எட்டில்தான் தெரிந்தது.

கதவு சத்தமில்லாமல் திறந்தது. மேகம் முகத்தில் அப்பியது. மூன்று. நாலு. மேகத்துக்கு மேலே எங்கேயோ நிலா, வெளிச்சம் பால் மாதிரி கலங்கலாக. குடிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்புச் சுவர் நின்றது, முன்பு அங்கே சுவர் இருந்ததில்லை. சுவருக்கு மேலே கொம்பு. தலை கூரைக்குள் கவிழ்ந்திருந்தது. பல்லில் கேரட் நொறுங்குகிற சத்தம், சாவகாசமாக, கல்யாணப் பந்தியில் கடைசி வரிசை சாப்பிடுகிற மாதிரி. நாலு காலிலும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி வெளுப்பு. எட்டு. ஒன்பது. விசில் கேட்கவில்லை, கேட்கவே கேட்காது இங்கே. பதினொன்று. பெட்ஷீட்டின் முனையைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். உள்ளே நோகா எழுந்து உட்கார்ந்திருந்தாள், தாமாரை மடியில் இறுக்கி, அவள் வாயைப் பொத்தி. கண் இரண்டும் மேலே. அவளுக்கு நேர்மேலே அந்தப் பெரிய ஈர மூக்கு, அதற்குப் பக்கத்தில் கிளை போன இடத்தில் ஒரே ஒரு நட்சத்திரம். "அசங்காதே," என்று இவள் தமிழிலேயே சொன்னாள், மூச்சால். "பிள்ளையக் குடு. என்கிட்ட குடு." பாஷை தேவைப்படவில்லை. தாமார் கைக்கு வந்தாள், கனமாக, வெதுவெதுப்பாக, நாலு வயசுக் கனம். ஜெசிந்தா அவளை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். நோகா தவழ்ந்து வெளியே வந்தாள். சின்ன நாற்காலி சாய்ந்து விழுந்தது. மாடு தலையைத் தூக்கியது. கிளை காதில் தொங்க அவர்களைப் பார்த்தது. மூன்று பேரும் நின்றார்கள். பயம் உச்சிக்குப் போய், அதற்கு மேல் போக இடமில்லாமல் அப்படியே நின்றுவிட்டது, அந்த இடத்தில் காற்று இருந்தது, குளிர் இருந்தது, பேரிக்காய் இலை கசங்கிய வாசனை இருந்தது, தாமார் அவள் காதோடு, "பெரிய மாடு," என்று தான் கற்ற இரண்டு தமிழ்ச் சொல்லைச் சொன்னது. ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. இப்படியொரு இடத்தில் சிரிப்பு வரும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அப்போது மழை விழுந்தது, தூறல் இல்லை, அண்டாவைக் கவிழ்த்த மாதிரி. மாடு காதை உதறிவிட்டு மறுபடி கேரட்டுக்குக் குனிந்தது. பின்பக்கமாகவே நடந்தார்கள், முதுகைக் காட்டாமல். நோகாவின் அறை மாட்டுக்கு அந்தப் பக்கம். ஆகவே இந்த வீடுதான், இந்தக் கதவுதான்.

உள்ளே வந்ததும் தாமாரைக் கீழே விட்டுவிட்டுத் தூளிக்கு ஓடினாள். விரலைக் கொண்டுபோவதற்குள் கேட்டுவிட்டது. விசில். அதே விசில், அதே இடத்தில், எதுவுமே நடக்காத மாதிரி. இருபத்து நாலு எட்டு தூரம், மாடு பார்த்த நேரம், நட்சத்திரம் பார்த்த நேரம், சிரித்த நேரம், அத்தனையிலும் இந்தப் பிள்ளை தானாக மூச்சு விட்டிருக்கிறது. ஒன்றுகூட அவள் எண்ணவில்லை. எண்ணாத மூச்சு அத்தனையும் வந்திருக்கிறது. அவள் தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படியானால் அன்றைக்கு? அன்றைக்கு எண்ணியிருந்தாலும்? டாக்டர் சொன்ன அந்த வார்த்தை இரண்டு வருஷம் கழித்து, நனைந்து, மெதுவாக உள்ளே வந்தது. "சூப்பு கெட்டுப்போச்சு," என்றாள் நோகா பின்னாலிருந்து, பல் கிட்டித்துக்கொண்டே, சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. ஜெசிந்தா திரும்பினாள். "எனக்கு ஒரு பையன் இருந்தான்," என்றாள். "இன்னாசின்னு பேரு. நாப்பத்தோரு நாள்." நோகா கதவைப் பார்த்தாள், மக்கு அடைத்த அந்த நாலு ஓட்டையை, அதன் கீழே ஸ்டிக்கர் கிழியாத தாழ்ப்பாளை. பார்க்கிறாள், தெரிகிறது அவளுக்கு. வந்து ஈரக் கையால் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தாமார் அதற்குள் கம்பளியில் ஏறிச் சுருண்டாயிற்று. வெளியே இன்னொரு மூங்கில் முறிந்தது, குடில் முழுதும் மெல்லச் சரிகிற சத்தம். "நாளைக்கு மறுபடி கட்டணும்," என்றாள் நோகா. "நான் கிளை வெட்டித் தரேன். தார்ப்பாய் போடமாட்டேன்," என்றாள் இவள். எமர்ஜென்சி லைட் அணைந்துபோயிற்று. இருட்டில் மூன்று மூச்சு கேட்டது, நாலு, தன்னுடையதையும் சேர்த்து. "கதவு?" என்றாள் நோகா. "அடைச்சிடவா?" "இரு. நான்." சாக்கைக் காலால் தள்ளினாள். கதவில் தோளைக் கொடுத்தாள். பித்தளை ஐஸ் மாதிரி இருந்தது, ஸ்டிக்கரின் முனை விரலில் ஒட்டியது. ஓடுகிற வழியில் ஒன்றும் இருக்கக் கூடாது. எங்கே ஓடுவது, ஜெசி? பயம் எங்கும் போய்விடவில்லை, இங்கேயேதான், தோளோடு தோளாக நின்றது. மழை கதவுக்கு அந்தப் பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது. விட்டாச்சு அவங்கள. அருளப்பன் சொன்னது சரிதான், ஒற்றை விரல் போதுமாயிருந்தது. தாழ்ப்பாள் நகர்ந்து, அவள் கையால் முதல்தடவையாக, தன் குழிக்குள் போய் விழுந்தது.